கைமாறிய முகம்

மணிக்கட்டு இரண்டும் கழன்று தனியாக விழுந்துவிடும் போலிருந்தது சகாதேவனுக்கு. காலையிலிருந்து பிரேக்கர் மெஷினைப் பிடித்துப் பழைய அடுக்குமாடி ஒன்றின் தளத்தை உடைத்த கைகள், மெஷினைக் கீழே வைத்துக் குளித்துச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் நடுக்கத்தை விடவில்லை. டம்ளரைப் பிடித்தால் டீ பாதி தரையில். சோற்றைப் பிசைந்தால் விரல்கள் தாமாகவே தாளம் போட்டன. போதாததற்கு முழங்கால் அரிப்பு வேறு. இரண்டு முட்டியிலும் நினைவு தெரியாத வயசிலிருந்தே வெளுத்த தழும்பு உண்டு. வியர்வை பட்டால் அரிக்கும். எப்படி வந்தது என்று கேட்டபோதெல்லாம் வளர்த்த அத்தை, "எங்கயாவது விழுந்திருப்ப" என்று முடித்துவிட்டாள். அத்தையும் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் வேலை. தொழிலாளர் விடுதியின் நீளமான கூடத்தில் அத்தனை பேரும் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள்.

பட்டை என்பது நெற்றியைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையம். எங்கோ ஒரு வாசிப்புக் கூடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து நாவல் படிப்பார். படிக்கப் படிக்க அவர் மனசுக்குள் தெரியும் தெரு, முகம், வாசனை, பாரம் எல்லாவற்றையும் அங்குள்ள கருவி இழுத்து ஒரு சில்லில் ஏற்றிவிடும். சில்லைப் பட்டையில் சொருகினால், அவருக்குள் தெரிந்தது நமக்குள்ளும் தெரியும். கை நடுங்குகிறவனுக்குப் புத்தகம் எதற்கு? எழுத்து ஆடும். விடுதியில் இதற்குப் பெயர் 'படிப்பு'. ஒரே நாவலை ஐந்தாறு பேர் படித்த சில்லு கிடைக்கும். படித்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், நம்பர் மட்டும்தான். சினிமா நடிகனுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு நம்பருக்கும் விடுதியில் ஆள் உண்டு.

பக்கத்துப் பாயில் படுத்திருந்த லாசர் பன்னிரண்டாம் நம்பரின் ஆள். காசிமேட்டுக்காரன், மெஷினுக்கு உளி மாற்றிக் கொடுப்பவன்.

"பன்னெண்டு எவ்ளோ சுத்தமா படிக்கிறாரு தெரியுமா? ராஜாவ பாத்தா ராஜா மாரியே இருப்பான். உன் நாப்பத்தாறு இருக்கே, அது படிச்சா ராஜாவுக்கே கால்ல பித்தவெடிப்பு."

"அந்தக் காலப் பயணக் கதையில உன் பன்னெண்டு காலத்துக்குள்ள போனா கால் தரையிலயே படாதுடா. பறந்துக்கிட்டே போவாரு."

"காலத்துக்குள்ள போறவன் பின்ன பஸ்லயா போவான்?"

சகாதேவன் நாற்பத்தாறாம் நம்பரைத் தவிர வேறு யாருடைய படிப்பையும் போடமாட்டான். மேம்பாலத் தூண்களுக்குள் பூதங்கள் குடியிருக்கும் நகரத்தைப் பற்றி ஒரு நாவல். பூதங்களுக்கு நெருப்புக் கண், பொன்நிற உடம்பு என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம். நாற்பத்தாறு படித்தால் அந்தப் பூதங்களின் பாதத்தில் சிமெண்ட் காய்ந்திருக்கும். இரண்டு பூதங்கள் பாலத்தைத் தோள் மாற்றும்போது, படுத்துக் கிடக்கிறவனுக்கும் தோள் இறங்கும். இன்னொன்று காலப் பயணக் கதை. அதில் வரும் வெள்ளிக் கோளம் நாற்பத்தாறின் மனசில் கலவை மெஷினாக மாறிக் கடகடவென்று சுற்றும். உள்ளே ஏறியவனை ஜல்லியோடு ஜல்லியாகப் புரட்டி இன்னொரு வருஷத்தில் கொட்டும். முதல் தடவை கொட்டப்பட்டு எழுந்தபோது அவன் முன்னால் கிடந்தது, வீடு முளைக்காத வேளச்சேரி. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், அதற்கு மேல் நாரைகள். தான் நாள் முழுக்க உடைக்கிற ஊருக்கு அடியில் இப்படி ஒன்று கிடந்ததா என்று வாயைப் பிளந்தவன் அன்று சோற்றையே மறந்துபோனான்.

அன்றைக்கு லாசர், எப்போதுமில்லாத அதிசயமாக, அந்தக் காலப் பயணக் கதையை நாற்பத்தாறு படித்த சில்லில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"டேய் ஒத்தக்கண்ணா."

சிரித்தால் சகாதேவனுக்கு இடது கண் மூடிக்கொள்ளும். அதனால் வந்த பெயர்.

"ஒரு பொம்பள உன் பேர கையில பச்ச குத்தினு நிக்கிறாடா. சிரிக்கிறா. சிரிச்சா உன்ன மாரியே ஒரு கண்ணு மூடுது."

"போடா, தின்ன சோறு செரிக்கட்டும்."

"அம்மா சத்தியமாடா. ஏரிக்கரைக்கு அந்தாண்ட. நீ தண்ணியவே பாத்துனு வாயப் பொளந்து நின்னிருப்ப. திரும்பிப் பாத்திருக்க மாட்ட."

சகாதேவன் மாட்டிக்கொண்டான். கலவை மெஷின் புரட்டியது, கொட்டியது. ஏரி. இந்த முறை தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.

பாதி எழும்பிய கட்டடம். சவுக்குக் கம்பில் சாரம். தளம் போடும் நாள். சித்தாள்கள் கீழிருந்து மேல்வரை சாரத்தில் படிப்படியாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் மேல்படியில் நின்றான், அதாவது நாற்பத்தாறு நின்றிருந்த இடத்தில். கீழ்ப்படியிலிருந்து முதலில் இரண்டு முன்னங்கைகள் எழும்பின. இடது கையில் பச்சை எழுத்து: சகாதேவன். கைகளுக்குப் பின்னால் சட்டி, சட்டிக்குப் பின்னால் முகம். நீலச் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் சும்மாடு, மூக்கு நுனியில் வியர்வை.

"ஏ ஒட்டகம், புடி!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இடது கண் மூடிக்கொண்டது.

பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தான், கை நடுங்கவில்லை.

அம்மா பவுனம்மா செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சித்தாள். அவனுக்கு மூன்று வயசில் செத்துப்போனாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அத்தை சொன்னவைதான் எல்லாம். கையில் உன் பேரைக் குத்தியிருந்தாள், எரித்தபோது அதுவும் போயிற்று. தளம் போடும் நாளில் சாரம் முறிந்தது. முறியும்போது மேல்படியில் நின்ற நெட்டைச்சி ஒருத்தியைத் தளத்தின் மேல் தள்ளிவிட்டு இவள் சாரத்தோடு போனாள். மேஸ்திரி வந்து சொன்னது இவ்வளவுதான்.

"பன்னெண்டு படிச்சதுல நல்லா பாத்தேன்டா. அந்த எடத்துல வெறும் ஏரிதான்," என்றான் லாசர், குரலை இறக்கி. "புக்குல உங்கம்மா இல்ல. நாப்பத்தாறுதான் கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கு."

பூதக் கதையைப் போட்டு, இதுவரை கண் போகாத ஓரங்களில் தேடிப் பார்த்தான். தூண் நிழலில் அவள். மாயக் கண்ணாடிக்குள் நுழையும், அவன் அதுவரை போடாத கதையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நீளும் கை அவளுடையது. கதை எந்த ஊரில் நடந்தாலும், எந்த வருஷத்தில் நடந்தாலும், ஓரமாக ஒரு சாரம் இருந்தது, சட்டியோடு அவள் நின்றாள்.

தளம் போடும் வேலை தெரிந்தவனுக்கு இது புரியும். வரிசையில் நின்றுவிட்டால் அக்கம்பக்கம் திரும்ப முடியாது. சட்டி வந்துகொண்டே இருக்கும். காலையிலிருந்து கடைசிச் சட்டி வரைக்கும் பார்க்கக் கிடைப்பது கீழே நிற்பவளின் முகம் ஒன்றுதான். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படி விடாமல் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, சில்லின் உறையில் இருந்த விலாசத்தைப் பார்த்து அம்பத்தூருக்குப் போனான். வாசிப்புக் கூடத்து வாசலில் காவலாளி நாற்காலியை விட்டு எழாமலே பதில் சொன்னார்.

"நம்பர் இருக்குதில்ல, அதோட நிறுத்திக்க. பேரு சொன்னா எங்க வேல போயிரும்."

எதிர்ப்பக்கம் டீக்கடை. அங்கே நின்றான். வெயில் இறங்குகிற நேரத்துக்கு ஆட்கள் வெளியே வந்தார்கள். பகல் தூக்கத்தில் எழுப்பிவிட்டவர்கள் போல வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிற்பது எந்த ஊர் என்று யோசிக்கிறவர்கள் போல. இவர்களில் யார்? யோசித்து நிற்க நேரமில்லை. பஸ் வந்தால் போய்விடுவார்கள். வேலைத்தளத்தில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அவனுக்கு.

"ஏ ஒட்டகம், புடி!"

ஊரே திரும்பிப் பார்த்தது. குடித்திருக்கிறான் என்று டீக்கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவி மட்டும் நின்றாள். அறுபதைத் தாண்டிய, கூன் விழுந்த பிறகும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமான கிழவி. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த பை கீழே விழுந்தது. இரண்டு கைகளும் தாமாகக் கீழே போய், விரல்கள் விரிந்து, எதையோ வாங்குவதற்காகக் காத்து நின்றன. பிறகு தன் கைகளைத் தானே பார்த்தாள், அவை யாருடைய கைகளோ என்பதுபோல.

வயசானவர்களை 'அம்மா' என்று கூப்பிட்டுத்தான் அவனுக்குப் பழக்கம். அன்று அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"பெரிம்மா, நீங்க நாப்பத்தாறுதானே?"

"கத்தாத தம்பி. வேலய கெடுத்துடுவ போலருக்கே," என்றாள். "தனபாக்கியம்னு பேரு வச்சிருக்காங்க. டீ வாங்கிக் குடு, அப்புறம் பேசு."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அம்மாவின் பெயர், சாரம், பச்சை குத்திய கை. சட்டி வரிசையைச் சொன்னபோது தலையாட்டினாள். பவுனம்மா என்றபோது ஆட்டவில்லை.

"சித்தாள் வேல செஞ்சேன், அது தெரியும். ஒம்பதாவது வரைக்கும் படிச்சிட்டு சட்டி தூக்குனவ நான். நின்ன சாரம் முறிஞ்சிது, நான் பொழச்சேன், அதுவும் தெரியும். கூட யாரு நின்னாங்கன்னு தெரியல தம்பி."

"எப்படிப் பெரிம்மா தெரியாம இருக்கும்? எல்லாக் கதையிலும் அவங்களத்தானே நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"அதனாலதான் தெரியல." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இந்த மெஷினு நகல் எடுக்காது. நகத்தி எடுக்கும். சேரும்போதே சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாங்க. எடுக்க எடுக்கத் தேயும்னு. மரம் மட்டைன்னா பரவால்ல, ரோட்டப் பாத்தா திரும்ப ஊறிக்கும். ஒரே மொகத்த திரும்பத் திரும்ப எடுத்தா, ஊறுறதுக்கு அந்த ஆளு உசுரோட இருக்கணும்ல?"

"தெரிஞ்சுமா சேந்தீங்க?"

"வெயில் இல்ல. சட்டி இல்ல. ஃபேனுக்கு அடியில உக்காந்து கதை படின்னு சொன்னா, நீ வேணாம்னு சொல்லுவியா?"

அவன் சொல்லமாட்டான்தான்.

கொண்டுவந்திருந்த பட்டையை எடுத்து அவள் தலையில் மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ரோட்டில் பஸ் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. கழற்றும்போது, யார் வீட்டுக் கல்யாணப் படத்தையோ பார்த்த வெளியாளின் களை முகத்தில்.

"லட்சணமா இருக்கா. எவ்ளோ பெரிய சட்டிய என்னா வாக்கா தூக்குறா பாரு." கொஞ்சம் பொறுத்து, "எங்கிட்டருந்து எடுத்ததுதான். எனக்கு சினிமா பாத்த மாதிரி இருக்கு," என்றாள்.

அவன் கேட்க நினைத்து வந்தவை ஏராளம். அம்மா என்ன பேசுவாள், என்ன சாப்பிடுவாள், என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாளா. எல்லாம் இந்த ஒரு தலைக்குள் இருந்தது. இதே தலை அதையெல்லாம் விடுதி விடுதியாக அனுப்பிவிட்டுக் காலியாக உட்கார்ந்திருந்தது. அத்தை சொன்ன கடைசி விஷயத்தையும் சொன்னான். அந்த நெட்டைச்சியைத் தள்ளிவிட்டுத்தான் அம்மா போனாள் என்பதை.

தனபாக்கியம் முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோய்த் தன் தோள்பட்டைக்குக் கீழே தடவிப் பார்த்தாள்.

"இங்க யாரோ கை வச்ச மாதிரி எப்பவும் இருக்கும். வாயுன்னு நெனச்சேன்." பிறகு சொன்னாள்: "நாளைக்கு அந்தக் காலக் கதையோட ரெண்டாவது பாகம். கடைசி அத்தியாயம். உங்கம்மாவ உனக்காகப் படிக்கிறேன்."

"மொகமே தெரியலன்னீங்களே?"

"மொகம் தெரியல. கைக்குத் தெரியுது பாரு. நீ கத்துனதும் என்னக் கேக்காம நீண்டுச்சில்ல? அதுக்குள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கு. அந்தக் கைய வச்சிப் படிக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அதுவும் போயிடும்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. சகாதேவன் சொல்லவில்லை. இத்தனை வருஷம் இல்லாத அம்மாவை இன்னும் ஒரு அத்தியாயம் பார்க்கலாம் என்கிறபோது எந்த மகனுக்கு அந்தச் சொல் வெளியே வரும்?

அவன் முகத்தைப் பார்த்தே கிழவிக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அட, எதுக்கு முழிக்கிற? யாருதுன்னே தெரியாத சட்டிய நான் கையில வச்சிட்டு என்னா பண்ணப் போறேன்? கையில சட்டியோட நின்னா வரிசையே நின்னுபோயிடும். வந்தா அடுத்த ஆளுக்குக் குடுத்துடணும். புடிச்சிக்கோ."

அந்தச் சில்லு விடுதிக்கு வந்து சேர்ந்த அன்று லாசரே வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தான். யாரும் பக்கத்தில் வராதபடி தன் பாயைக் குறுக்கே போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டான்.

கதையில், காலத்துக்குள் அலைந்த கதாநாயகன், ஒரு குமாஸ்தா, கடைசியாக எந்த வருஷத்தில் இறங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். கலவை மெஷின் சுற்றியது. இந்த முறை சத்தமே இல்லை. நூற்றாண்டுகள் மணலாகச் சரிந்தன. கோட்டைகள் எழும்பி விழுந்தன, கடல் ரோட்டுக்கு வந்து திரும்பிப் போனது, கட்டடங்கள் தரையிலிருந்து முளைத்து அவன் உடைப்பதற்கு முன்பே தூளாகின. அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு சாரம் மட்டும் ஆடாமல் நின்றது, உலகத்தையே அதன் மேல் கட்டி எழுப்பியதுபோல. கீழிருந்து கைகள் எழும்பின. சகாதேவன். சட்டி எழும்பியது.

சட்டியில் கலவை இல்லை. ஒரு குழந்தை. மூக்கு ஒழுக, அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய பையன். சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒட்டகம், இத பத்தரமா புடி. கீழ வுட்டா எங்கயாவது ஓடிடறான். தளத்து மேல வையி, வந்து எடுத்துக்கிறேன்."

வாங்கிக்கொண்டான். தனபாக்கியத்தின் கைகளால் தன்னைத் தானே வாங்கிக்கொண்டான். பாரம் தெரிந்தது, சூடு தெரிந்தது. அம்மாவின் விரல்கள் உடனே விலகவில்லை. முகம் இவ்வளவு கிட்டத்தில் எந்தக் கதையிலும் வந்ததில்லை. வெற்றிலை வாசனை. இடது கண் மூடியது.

சவுக்குக் கம்பு முறியும் சத்தம். முதுகில் ஒரு கை. தள்ளு. குழந்தையோடு ஈரத் தளத்தில் போய் விழுந்தான். குழந்தையின் முட்டி இரண்டும் கலவைக்குள் புதைந்தன. ஆட்கள் எல்லோரும் கீழே ஓடினார்கள். நீளமான இரண்டு கைகள் மட்டும் குழந்தையைச் சுற்றி இறுகி, சிமெண்ட் அதன் தோலை எரிக்கிற வரைக்கும் விடாமல், அழுதுகொண்டே பிடித்திருந்தன. திரும்பிப் பார்த்தபோது சாரம் இருந்த இடத்தில் ஏரி. கரை தெரியாத தண்ணீர், வெயிலில் மின்னியது. நாரைகள் எழும்பின.

சகாதேவன் பட்டையைக் கழற்றினான். லுங்கியைத் தூக்கி முட்டித் தழும்புகளைப் பார்த்தான்.

"என்னடா?" என்றான் லாசர்.

"நானும் அங்க இருந்திருக்கேன்டா."

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அம்பத்தூர் டீக்கடையில் நின்றான். ஆட்கள் வெளியே வந்தார்கள். அவளும் வந்தாள், ஒரு தலை உயரமாக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

"ஏ ஒட்டகம், புடி!"

டீக்கடைக்காரர் திரும்பினார். காவலாளி திரும்பினார். அவள் நடந்துகொண்டே இருந்தாள். தொண்டை கிழிய மறுபடி கத்தினான். கைகள் தம் பாட்டுக்கு ஆடிக்கொண்டு போயின.

ஓடிப்போய் எதிரில் நின்றான். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, நீயா தம்பி! யாரோ யாரையோ கூப்புடுறாங்கன்னு நெனச்சேன். கெடச்சுதா சில்லு?"

"கெடச்சுது பெரிம்மா." மூச்சு வாங்கியது. "அந்தச் சட்டியில இருந்தது நான். நீங்கதான் என்னப் புடிச்சிருந்தீங்க."

தனபாக்கியம் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம். அவற்றில் ஒன்றும் இல்லை.

"நல்லா புடிச்சிருந்தேனா?"

"விடவே இல்ல."

"அப்ப சரி," என்றாள். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறினாள்.

அவளைத் தள்ளிவிட்டவள் அம்மா. அது அவர்கள் இருவருக்கும் இடையில் அன்றைக்கே முடிந்த விஷயம், அதில் மகனுக்குப் பங்கில்லை. அவன் வாங்கிக்கொண்டது வேறு, அவள் கைக்குள் கடைசியாக மிச்சமிருந்த பவுனம்மாவை. தனபாக்கியத்துக்கு அவன் ஒரு முகம் திருப்பித் தர வேண்டும். இன்னும் தரவில்லை.